ஜோனா லோமுவின் சிறுநீரகம்: கடற்கரைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 20. உயரம் 1.96 மீட்டர். எடை 120 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நூறு மீட்டரை 11 வினாடியை ஒட்டி ஓடுகிறவர். 1995 ரக்பி உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் ஏழு ட்ரை (ரக்பியில் கோல் மாதிரி). அந்த ஆண்டு முடிவதற்குள் சிறுநீரக நோய் என்று கண்டறியப்படுகிறது.

நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமுவின் கதையைச் சொல்கிறவர்கள் ஓட்டத்தையும் ட்ரைகளையும் பக்கம் பக்கமாக நீட்டுவார்கள்; நோய்க்கு வந்ததும் “அதையும் வென்று காட்டினார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆண்டு விழா மேடைக்கு அது போதும். பிள்ளைகளைக் களத்தில் இறக்குகிற நமக்குப் போதாது. லோமு நோயை வெல்லவில்லை. மருந்து, ஓய்வு, டயாலிசிஸ் இயந்திரம், நண்பர் கொடுத்த சிறுநீரகம் ஆகியவற்றின் துணையில் இருபது ஆண்டு அதோடு காலம் தள்ளினார். 40 வயதில் இறந்துபோனார். நோயை நடுவில் வைத்தால்தான் அவருடைய ஆட்ட வாழ்க்கை புரியும் என்பது என் கருத்து. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் கோச்சுகளும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைப்பதும் அதனால்தான்.

ரக்பிப் பந்தைத் தொட்டவர்கள் நம் பக்கம் குறைவு. 2025-இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் அணி ஜெயித்த பிறகு பையன்கள் போனில் துண்டுக் காட்சிகள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரைப் பிடித்துச் சாய்க்கலாம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, ஐந்து புள்ளி. ஏழு பேர் பிடிக்குள்ளிருந்து நடுக்கோட்டுக்குத் திமிறி வரும் கபடி ரைடரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திமிறலோடு ஐம்பது மீட்டர் ஓட்டத்தையும் சேர்த்தால் மைதான ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரரின் வேலை. லோமு இடது விங்.

பின்னணி

1975 மே 12 அன்று பிறந்தார். பெற்றோர் டோங்கா தீவினர். சின்ன வயதில் சில ஆண்டுகள் டோங்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பிறகு ஆக்லாந்தின் தெற்குப் பகுதியான மாங்கரேக்கு வந்தார். அடிதடிக் கும்பல்கள் மலிந்திருந்த பகுதி அது. மாமா ஒருவரை அந்த வன்முறையிலேயே பறிகொடுத்தார். மகன் கெட்டுப்போய்விடுவான் என்று பயந்த தாய், வெஸ்லி கல்லூரி என்ற விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்தாம் வகுப்போடு படகேறிவிடக் கூடாது என்று மகனை விளையாட்டு விடுதியில் சேர்க்க அலையும் தாய்மார்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளியில் அவர் முன்வரிசை முரட்டு ஆட்டக்காரர்களோடு ஆடியவர். இந்த உடம்போடு இந்த வேகமும் இருப்பதைப் பார்த்துத்தான் விங்குக்கு மாற்றினார்கள். 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட் (ரக்பியில் நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம்). அன்று அவருக்கு 19 வயது 45 நாள்; நியூசிலாந்துக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரைவிட இளையவர் இல்லை. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்து தோற்றது; அடுத்த டெஸ்டிலும் தோற்றது. விங்கில் எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அணியிலிருந்து நீக்கினார்கள். 1995 தொடக்கத்தில் நடந்த பயிற்சி முகாம்களிலும் மூச்சு வாங்கியது. உலகக் கோப்பைக்கு அழைத்துப்போவதா வேண்டாமா என்று தேர்வாளர்கள் தயங்கினார்கள். சோம்பல், பயிற்சிக் குறைவு என்ற பேச்சுதான் அப்போது அடிபட்டது. பெரிய உடம்புக்காரப் பையன் ஓடி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் நாமும் அதையேதான் சொல்கிறோம்.

1995

ஜூன் 18, கேப் டவுன், நியூலாண்ட்ஸ் மைதானம். இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்கூட ஆகவில்லை. இடது ஓரத்தில் நின்ற லோமுவுக்கு வந்த பந்து சரியாக வரவில்லை. அவரைத் தாண்டிப் பின்னால் துள்ளியது. திரும்பி எடுத்தார். எதிரில் நின்ற டோனி அண்டர்வுட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார். துரத்தி வந்த இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங் பாய்ந்து காலைத் தட்ட, லோமு தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தோடே கடைசி ஆளான மைக் கேட் மேல் ஏறி மிதித்துத் தாண்டிப் பந்தை வைத்தார். விலகி ஓட நேரமில்லை, ஆள் மேலேயே போய்விட்டார். அன்று மொத்தம் நான்கு ட்ரை. 45க்கு 29 என்று நியூசிலாந்து ஜெயித்தது.

ஆறு நாள் கழித்து இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா அவரைத் தடுக்க ஓர் ஆளை மட்டும் நம்பி இருக்கவில்லை. அவர் கைக்குப் பந்து வந்தால் கிட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். கூடுதல் நேரத்தில் 15க்கு 12 என்று தென்னாப்பிரிக்கா கோப்பையை எடுத்தது. லோமுவுக்கு அன்று ட்ரை இல்லை. அதன் பிறகும், ஓய்வு பெறும்வரை, அந்த நாட்டுக்கு எதிராக ஒன்றுகூட வைக்கவில்லை. அன்று அவரைக் காலோடு சேர்த்துப் பிடித்து வீழ்த்தியவர்களில் ஒருவர் யூஸ்ட் வான் டெர் வெஸ்தைசன். அவர் நரம்பு நோயால் தசையெல்லாம் ஒடுங்கி 2017-இல் இறந்தார். அந்தக் களத்தில் மிகவும் உறுதியாகத் தெரிந்த இரண்டு உடம்புகள் இவை.

இரண்டு மாதத்தில், 1995 ஆகஸ்டில், ரக்பி தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பணம் கோடிக்கணக்கில் வந்தது. அதன் முகமாக இருந்தவர் லோமு. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடிய ஆட்டக்காரர்கள் சம்பளக்காரர்களானார்கள். எல்லாருக்கும் அவருடைய உடம்பு வேண்டியிருந்த அந்த நேரத்தில்தான் நோயும் தெரியவந்தது.

நோய்

பெயர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்துக்குள் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. கழிவையும் மிகை நீரையும் வெளியே விட்டு, புரதத்தை உள்ளே தக்கவைப்பது அவற்றின் வேலை. அந்த வடிகட்டி பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல் போனால் இந்தப் பெயர் வைப்பார்கள். இரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் நீர் குழாய்க்குள் நிற்காது. உப்பும் உடம்பில் தங்கும். காலையில் கண் இமை வீங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும். சிறுநீர் நுரைத்து நிற்கும். கொழுப்பு ஏறும், இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும், தொற்று சட்டென்று பிடிக்கும்.

ஆட்டக்காரர் விஷயத்தில் இதில் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ஒழுகுவது புரதம், ஆனால் எடை இயந்திரத்தில் எண் ஏறும், ஏறுவது நீர். வலியும் இருக்காது. கோச்சுக்குத் தெரிவதெல்லாம் பையன் “கனத்துவிட்டான்”, “மந்தமாகிவிட்டான்” என்பது மட்டுமே.

லோமு 1996-இலும் ஆடினார். நோய் இருப்பது 1997 தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது. அந்த ஆண்டின் பெரும்பகுதி களத்தை விட்டு விலகிச் சிகிச்சை எடுத்தார்; கடைசியில் பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கு அணியோடு போனார். இந்த ஓராண்டை அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாவிக் கடந்துவிடுவார்கள். என் கணக்கில் இந்த ஆய்வின் மையமே அதுதான். உலகிலேயே அதிகம் பேசப்பட்ட ரக்பி வீரரை, 21 வயதில், பணம் கொட்டும் நேரத்தில், உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பித் தங்கம்; 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை; 2000 ஜூலையில் சிட்னியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நேரத்தில், 39க்கு 35 என்று முடித்துவைத்த ட்ரை. இரண்டு உலகக் கோப்பைகளில் சேர்த்து 15 ட்ரை. 2015-இல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா அதைச் சமன் செய்தார், அதுவும் லோமுவைவிட அதிக ஆட்டங்கள் ஆடி. 2002 நவம்பரில் வேல்ஸுக்கு எதிராக ஆடியது கடைசி டெஸ்ட். மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. இவற்றில் பெரும்பகுதி நோய் தெரிந்த பிறகு ஆடியவை.

2003-இல் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கால் நரம்புகள் பழுதாகி நடையே தடுமாறியது. சக்கர நாற்காலிதான் மிச்சம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் நிலை. 2004 ஜூலையில் ஆக்லாந்தில் மாற்று அறுவை. கொடுத்தவர் கிராண்ட் கெரியாமா, வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர், நண்பர்.

அதற்குப் பிறகும் அவர் களத்துக்குத் திரும்பினார் என்பதில் எனக்கு வியப்பு உண்டு, பாராட்டு கொஞ்சம் குறைவு. மாற்றுச் சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குள் பதிப்பார்கள். முதுகுப் பக்கத்து விலா எலும்புப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். 2005 ஜூனில் ட்விக்கன்ஹாமில் ஒரு கௌரவ ஆட்டத்தில் ட்ரை வைத்தார், தோளிலும் காயம் பட்டுக்கொண்டார். பிறகு கார்டிஃப் புளூஸ் அணி, அங்கே கணுக்கால் முறிவு. பிறகு சொந்த நாட்டில் நார்த் ஹார்பர் அணி. 2007 உலகக் கோப்பைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார்.

2011-இல் நியூசிலாந்திலேயே உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது மருத்துவமனையில் சேர்த்தார்கள். நண்பரின் சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. மறுபடி டயாலிசிஸ். 2015 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போனபோது அங்கேயும் டயாலிசிஸ் செய்துகொண்டேதான் நிகழ்ச்சிகளுக்குப் போனார். துபாய் வழியாக ஊர் திரும்பி, நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் வீட்டில் இறந்தார். இரண்டு சின்னப் பையன்கள். டயாலிசிஸில் இருப்பவர்களை அதிகம் கொண்டுபோவது இதய நோய்தான். இவருக்கும் இதயம்தான் நின்றது.

இந்தக் கரையில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஊருக்கு ஊர் 55 கிலோ, 65 கிலோ என்று பிரிவு வைத்துக் கபடிப் போட்டி நடக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன், வயது 17, கார்னரில் நின்று பிடிப்பவன். 64 கிலோவில் இருந்தவன் இரண்டு வாரத்தில் 68 ஆனான். டீமில் இருந்த அண்ணன்மார் “சோத்தைக் கொறடா” என்றார்கள். அவனும் சட்டைக்குள் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு மணலில் ஓடினான். எடை இறங்கவில்லை. மெடிக்கலில் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை வாங்கிப் போட்டால் ஒரே நாளில் இறங்கிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முழங்கால் கேப்பைக் கழற்றியபோது பார்த்தேன். எலாஸ்டிக் இருந்த இடத்தில் ஆழமாக வளையம் பதிந்திருந்தது. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. பத்துவரை எண்ணியும் நிரம்பவில்லை.

“ஒண்ணுக்குப் போனா நுரை நிக்குதாடா?”

“ஆமா சார். ரொம்ப நாளாவே. தண்ணி கம்மியாக் குடிக்கிறதுனாலன்னு நெனச்சேன்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். “கச்சான் காத்துல மூஞ்சி ஊதியிருக்கு சார், ரெண்டு நாள்ல வத்திரும்” என்றார். உப்புக்காற்று, உப்புத்தண்ணி, சூடு: இந்தக் கரையில் எந்த வீக்கத்துக்கும் இந்த மூன்றில் ஒன்று பதிலாகத் தயாராக இருக்கும். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் சோதனைப் பட்டை நனைத்துப் பார்த்தார்கள். புரதம் மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பிறகு மதுரையில் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் வகை என்று வந்தது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் சில வாரத்தில் வீக்கம் வடிந்து, பையன் 61 கிலோவில் நின்றான். உண்மையான எடை அதுதான்; நாங்கள் 64 என்று நம்பிக்கொண்டிருந்ததிலும் நீர் இருந்திருக்கிறது. அந்த சீசன் முழுக்க அவனுக்கு ஸ்கோர் எழுதும் வேலை.

மருந்தை நிறுத்திவிட்டு ஆடலாமா என்று அவன் கேட்டான். எல்லாப் பையன்களும் கேட்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நோயும் திரும்பி வரக்கூடியது. அதோடு ஊக்கமருந்து விதியும் இருக்கிறது. வாயால் சாப்பிடும் பிரெட்னிசலோன் போட்டி நாளில் தடை செய்யப்பட்டது. வீக்கம் வடிய மருத்துவர் கொடுக்கும் நீர் மாத்திரை போட்டி இல்லாத நாளிலும் தடை. வேறு மருந்தை மறைக்கப் பயன்படும் என்பது காரணம். டயாலிசிஸ் நோயாளிக்கு இரத்தச் சிவப்பணு கூடப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியும் அதே பட்டியலில்தான். உண்மையான நோயாளிக்குச் சிகிச்சை விலக்கு உண்டு. மருத்துவச் சான்றுகளோடு முறைப்படி விண்ணப்பித்து வாங்க வேண்டும். மாநில, தேசியப் போட்டிக்குப் போகிற பையன் இருந்தால் அந்த விலக்கைக் கேட்டு வாங்குவது கோச்சின் வேலை. எடை குறைக்க நீர் மாத்திரை போடுகிறவனுக்கு விலக்கு கிடையாது, சிறுநீரகத்துக்கும் அது கேடு.

வலி மாத்திரையையும் சொல்ல வேண்டும். கரைவலை இழுத்துத் தோள் கடுக்கிறவரும் கபடியில் முட்டி போனவனும் மெடிக்கலில் கேட்டு வாங்குவது டைக்ளோஃபெனாக்தான். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அதைத் தொடர்ந்து போடுவது நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும். புரதம் ஒழுகுகிறவனுக்குக் கேட்கவே வேண்டாம்.

லோமுவுக்குக் கிடைத்தது இங்கே கிடைக்குமா? டயாலிசிஸுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நீர்ப்பை கொண்டுவந்து தருவது 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. ஆனால் இயந்திரத்தில் வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் படுப்பது என்றால், கடலுக்குப் போகிறவர் தொழிலை விட்டதாகத்தான் அர்த்தம். மாற்றுச் சிறுநீரகம் என்றால் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் கொடுக்கலாம். பின்னால் வந்த திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். கெரியாமாவைப் போல ஒரு நண்பர் முன்வந்தால், பணம் கைமாறவில்லை, பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று அனுமதிக் குழு திருப்திப்பட வேண்டும். ஏழைகளின் சிறுநீரகத்தை விலைபேசிய மாநிலத்தில் அந்தக் கெடுபிடி தேவைதான்.

இப்போது எங்கள் முகாமில் சேர வரும் பிள்ளைகளுக்கு உயரம், எடை, ஓட்டத்தோடு இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் பட்டையும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவைத்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். நேரம் மட்டும் முக்கியம். கடும் பயிற்சிக்குப் பிறகு நல்ல உடம்பிலும் கொஞ்சம் புரதம் சிறுநீரில் வரும், ஒன்றிரண்டு நாளில் தானாக மறையும். அதனால் ஓட்டம் முடிந்த கையோடு பார்க்கக் கூடாது. முந்தின நாள் ஓய்வு கொடுத்து, எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாளாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் பார்க்கலாம். ஒரு பிளஸ் வந்தால் அடுத்த வாரம் மறுபடி. இரண்டாம் முறையும் வந்தாலோ, முதல் முறையே மூன்று பிளஸ் வந்தாலோ, அப்பா கடலில் இருந்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்றே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட வேண்டும்.